கொக்கியில் மட்டும் 916

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

வங்கிக் கதவு திறந்ததும் அடகுப் பகுதிக்கு முதலில் வந்தவர் பாப்பம்மா. தேயிலைத் தோட்டத்துப் பெண், என் வயதிருக்கும். மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த இரண்டு காப்புகளை லேஞ்சியில் முடிந்து கொண்டு வந்திருந்தார். கூரைத் தகரம் மாற்ற வேண்டுமாம். காப்பின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முத்திரை 925.

“இது தங்கமில்ல. வெள்ளி. மேல முலாம் பூசியிருக்கு.”

“என்னாங்க சார் சொல்றீங்க? 916 தானுங்களே நல்ல தங்கம்னு சொல்வாங்க. இது 925 போட்டிருக்கு. அத விடக் கூடத்தானுங்களே?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வகுப்பில் சொல்வது போல உரத்த குரலில் விளக்கினேன். 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது இருபத்திரண்டு கெரட். 925 என்பது வெள்ளிக்குப் போடும் முத்திரை; ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இரண்டும் சுத்தத்தின் அளவுதான். எதன் சுத்தம் என்பதை எண் சொல்லாது, தெரிந்தவன்தான் சொல்ல வேண்டும். பாப்பம்மா காப்புகளை மறுபடி முடிந்து கொண்டு, தலையைத் தூக்காமல் போனார்.

கொஞ்ச நேரத்தில் மனேஜர் அக்ரம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். “அன்ஸார் நானா, கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமே.” உரைகல்லில் கோடு இழுக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்தது நான். இரசாயனத்தில் பட்டம் எனக்கு, கண்ணாடி அறை அவனுக்கு. மெதுவாகச் சொன்னால் வெள்ளி தங்கமாகி விடுமா?

வீட்டுக்கு வந்தால் மனைவி கைறுன்னிஸா சொல்கிறாள், நூருன்னிஸா மதினி இரண்டு தடவை போன் எடுத்தாளாம். என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, உயிரோடு இருந்தபோது வராத போன்.

ஆகஸ்ட் 13

மூன்றாவது தடவையும் அடித்தது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக் கொண்டேன். என் மனைவி பத்திரிகையிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

நானாவின் மகள் ஜஸ்லாவுக்கு நிக்காஹ். ஒக்டோபர் 12. மாப்பிள்ளை கலேவெல, பெயர் ஷிஃபான், கட்டாரிலிருந்து வந்திருக்கிறான். நானா மௌத்தாவதற்கு முன் அவரே பார்த்துப் பேசி வைத்த இடம். நானா போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் வாப்பா அவருக்கும் முன்னே போய்விட்டார். ஜஸ்லாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. ஆகவே அவளுக்கு வலியாக, பொறுப்பாளனாக, நின்று, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளை ஒப்புக் கொடுத்து, பதிவில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவள் வாப்பாவின் தம்பி. நான்.

“மார்க்கப்படி நீங்கதான் வலி. மதினி அழுறா.”

“மார்க்கம் சொல்லாட்டி என்ன கூப்பிட்டிருப்பாளா?”

“கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போய்த்தான் மார்க்கத்தப் புடிச்சிருக்கா.”

எழுதி வைக்கிறேன், எனக்கு மறந்து போகக் கூடாது. வாப்பாவின் நகைக்கடையை நானா தன் பெயருக்கு மாற்றிக் கொண்டார். “நீ படிச்சவன், ஒனக்கு மாசச் சம்பளம் ஈக்கி” என்றார். படித்ததற்கு அபராதம்! புது வீடு குடிபோன விருந்தில் எனக்குக் கிடைத்தது வாசற்பக்கத்துச் சஹன். யாரென்றே தெரியாத லொறி டிரைவர்களோடு ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டேன், சொந்தத் தம்பி. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நானாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் போனது வேறு. இத்தனைக்கும் மாத்தளையில் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது. பஸ்ஸில், பள்ளிவாசலில், இறைச்சிக் கடையில் எங்கும் ஒன்றுதான். “ஜமால்தீன்ட தம்பி.”

மறுத்தால் காதியார், மார்க்க நீதிபதி, வேறு வழி பார்த்துக் கொள்வார். அதையும் யோசித்தேன். யோசிக்க இதமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போய் வந்தேன்.

நிச்சயத்துக்குக் கலேவெலக்காரர்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹமீமா, விதவை, மெலிந்த பெண். பேசும்போது முந்தானையை விரலில் சுற்றிக் கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் என்று பேசியிருந்த ஐந்து பவுண் சங்கிலியை ஒரு சிவப்புப் பெட்டியில் கொண்டு வந்து மதினியின் கையில் கொடுத்தாள்.

“எங்கட அவரு கொழும்புச் செட்டித் தெருவுல எடுத்தது. கொக்கியப் பாருங்கோ.”

சங்கிலி பெண்கள் நடுவில் கை மாறியது. ஒவ்வொருத்தியும் கொக்கியை வெளிச்சத்தில் திருப்பி, 916 என்று வாய்க்குள் வாசித்து, மாஷா அல்லாஹ் சொல்லி அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒருத்தியும் மற்ற இடத்தைப் பார்க்கவில்லை. நம் ஆட்கள் கொக்கியைப் பார்த்துத்தான் சங்கிலியை நம்புவார்கள்.

மாப்பிள்ளையும் ஒரு மோதிரம் கொண்டு வந்திருந்தான். அதில் 750. மதினியின் தங்கை பஸ்லா விடுவாளா?

“பதினெட்டுக் கெரட்டா? கால் பங்கு செம்பு! கட்டாருக்குப் போய் வந்தவர் எங்கட புள்ளைக்கு இதத்தான் கண்டாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். பொடியன் காது வரை சிவந்து போனான். “மொத மாசச் சம்பளத்தில எடுத்தது, சாச்சி. அப்ப யாருக்கெண்டு தெரியாது.”

மோதிரம் ஜஸ்லாவின் விரலுக்குப் பெரிது. பஸ்லா ஒரு நூலை உள்ளே சுற்றிப் போட்டு விட்டாள். ஜஸ்லா குனிந்து கொண்டாள்; அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக் கொண்டிருந்தாள்.

சங்கிலி என் கைக்கும் வந்தது. ஒரு நிமிஷம் வைத்திருந்து விட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25

கொக்கி சின்னது, பழையது. சங்கிலி தடிப்பு. அந்தக் கொக்கியைச் செய்தவன் இந்தச் சங்கிலியைச் செய்யவில்லை. — எனக்கென்ன?

ஆகஸ்ட் 29, வெள்ளி

எனக்கென்ன என்று இருக்க விடவில்லை. ஜும்ஆ முடிந்து வரும்போது மதினி வங்கி வாசலில் நின்றாள், கையில் அதே சிவப்புப் பெட்டி.

“தம்பி, மஹர் எத்தன பவுணெண்டு பதிவுல எழுதோணுமாம். நீங்க ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. நீங்க சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.”

வங்கித் தராசில் வைத்தேன். ஐந்து பவுண், நூல் பிசகில்லை. அதுதான் உறுத்தியது. இந்தத் தடிப்பும் நீளமும் உள்ள சங்கிலி தங்கமாக இருந்தால் இன்னும் எவ்வளவோ பாரமாக இருக்க வேண்டும். பித்தளை தங்கத்தின் பாதிப் பாரம்தான். எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் உருவத்தைப் பெருக்க வேண்டும். யாரோ நன்றாகக் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

உரைகல்லில் உரசினால் கீறு தெரியும். அதனால் வீட்டுக்குக் கொண்டு வந்து, டியூஷன் எடுத்த காலத்து அளவு ஜாடியில் தண்ணீர் நிரப்பி, சங்கிலியை நூலில் கட்டி இறக்கினேன்.

கைறுன்னிஸா எட்டிப் பார்த்தாள். “என்ன, நகைய அவிக்கப் போறீங்களா?”

நல்ல இருபத்திரண்டு கெரட் என்றால் தண்ணீர் இருந்த இடத்திலிருந்து இரண்டு கோட்டைக் கொஞ்சம் தாண்டி ஏற வேண்டும். நாலரையையும் தாண்டிப் போய் நின்றது. இன்னொரு தடவை பார்த்தேன். அப்படியேதான். பிறகு கொக்கியை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முத்திரை உண்மை, தங்கமும் உண்மை. பழைய கொக்கி. கவரிங் சங்கிலியில் கொண்டு வந்து பொருத்தியிருக்கிறார்கள்.

முத்திரை எதில் குத்தியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் சாட்சி. பக்கத்தில் இருப்பதற்கு அல்ல.

ஆகஸ்ட் 30

சந்தோஷமாக இருந்தது. இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். நானா தேடிய இடம் இது. மாத்தளையிலேயே தங்கம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், கவரிங் சங்கிலி வீட்டில் போய்ப் பெண்ணைப் பேசி வைத்திருக்கிறார். இரவு முழுவதும் அதையே நினைத்துச் சிரித்துக் கொண்டிருந்தேன்.

கைறுன்னிஸாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நானா மௌத்தாப் போய்ட்டார். இதக் கேட்டு அவமானப்பட அவர் எங்க ஈக்கிறார்? அவமானப்படப் போறது ஜஸ்லா.”

“அப்ப ஐந்து பவுண் தங்கமெண்டு எழுதி நான் கையெழுத்துப் போடவா? பொய்க்கு?”

“போடச் சொன்னேனா?”

“வாயத் திறந்து உண்மையச் சொல்லவா?”

“சொல்லவும் சொல்லல்ல.”

“பின்ன என்ன சொல்றாய்?”

“நீங்க படிச்சவர்தானே,” என்று விட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, சனி

ஜஸ்லா வந்தாள். தனியாக, த்ரீவீலில். ஆரம்பப் பிரிவு டீச்சர்; குரல் பிள்ளைகளிடம் பேசுகிற குரல்.

“நிறுத்தீங்களா சாச்சா?”

“நிறுத்தேன்.”

“பிறகு ஏன் உம்மாக்குச் சொல்லல்ல? நீங்க பேசாம ஈந்தா ஏதோ ஈக்கி எண்டு வாப்பா சொல்லுவார்.”

பாப்பம்மாவுக்குச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. தங்கமில்லை, முலாம், கொக்கி மட்டும் 916. ஜாடியையும் தண்ணீரையும் கொண்டு வந்து காட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள். அழவில்லை.

“ஷிஃபானுக்குத் தெரியுமா?”

“தெரியாம ஈக்குமா?”

“தெரியுமா தெரியாதா எண்டுதான் கேட்டேன், சாச்சா.”

எனக்குத் தெரியாது என்று ஒப்புக் கொண்டேன்.

இதற்கு முன் ஒரு சம்பந்தம் நிச்சயமாகி, வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கும் பேச்சில் உடைந்தது. மதினி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பார்க்கப் போகவில்லை. இன்னொரு தடவை உடைந்தால் உம்மா எழும்ப மாட்டா என்றாள். பிறகு, சும்மா சொல்வது போல, “பொண் பார்க்க வந்த எத்தனயோ பேருக்கு டீ குடுத்துட்டேன் சாச்சா. குடிச்சிட்டுக் கோப்பையக் குசினிக்குக் கொண்டு வந்து வெச்சவர் இவர் ஒருத்தர்தான்.”

சங்கிலியைப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். “மொத விசாரிங்க. நீங்கதானே என்ட வலி. எனக்காகக் கேக்கிறது ஒங்கட வேல.”

வேலையாம். வேலை சொல்கிறாள் எனக்கு. — அவள் வாப்பாவின் நாக்கு அப்படியே.

செப்டம்பர் 13, சனி

பல்லேபொல வழியாகப் போகும் பஸ்ஸில் கலேவெலைக்குப் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை அடுக்கிக் கொண்டே போனேன். நல்ல வசனங்கள். ஒன்றும் பயன்படவில்லை.

ஷிஃபான் தம்புள்ளைக்கு மரக்கறி லோட் கொண்டு போயிருந்தான். முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப் போட்டிருந்தாள் ஹமீமா. என் கையில் சிவப்புப் பெட்டியைக் கண்டதும் அப்படியே பாயின் ஓரத்தில் உட்கார்ந்து விட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்க.”

“கண்டுபிடிக்க மாட்டேனெண்டு நெனச்சீங்களா?”

“நீங்க கண்டுபிடிப்பீங்க எண்டுதான் பயந்தேன்.”

எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் லைனில் நின்ற வருஷம், புருஷனுக்கு நெஞ்சில் ஒபரேஷன். மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது போதவில்லை. போதவில்லை என்று அவனுக்குச் சொல்லவும் மனம் வரவில்லை. சொன்னால் அங்கே கண்டவனிடமெல்லாம் கடன் வாங்குவான். சங்கிலியைக் கண்டியில் விற்றாள். ஒபரேஷன் முடிந்தும் மனிதர் மூன்று மாதம்தான் இருந்தார். விற்கும்போது கடைக்காரனிடம் கெஞ்சி அந்தக் கொக்கியை மட்டும் திருப்பி வாங்கிக் கொண்டாள். வேறொரு இடத்தில் கவரிங் சங்கிலி செய்வித்து, அதில் மாட்டிக் கழுத்தில் போட்டுக் கொண்டாள். மகன் லீவில் வந்து பார்க்கும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது.

“மஹருக்கெண்டு செய்யல்ல தம்பி, அல்லாஹ் அறிய. பிறகு சம்பந்தம் வந்திச்சு. மகன்தான், உம்மாட சங்கிலியக் குடுப்பம் எண்டான். நான் என்ன செய்ய? ஆறு மாசத்தில மாத்திடலாமெண்டு பார்த்தேன். பவுண் விலை போற போக்கில கண்ணால பார்க்கவும் ஏலாது.”

“அப்ப என்ட நானாவ ஏமாத்தினீங்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவரையா? அவர் வந்த அண்டைக்கே கண்டுட்டாரு.”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நானா பெண்ணைப் பேசி முடிக்க வந்தபோது சங்கிலியைக் காட்டியிருக்கிறாள். அவர் கொக்கியைப் பார்த்தார். சங்கிலியை உள்ளங்கையில் லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவளைப் பார்த்தார். “கொக்கி நல்ல தங்கம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து விட்டார். மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக் கொண்டிருந்தபோது கிட்ட வந்து, “நிக்காஹ்வுக்கு முந்தி இத என்ட கடைக்கு அனுப்பி வைங்கோ, பொலிஷ் பண்ணித் தாறேன்” என்றாராம். பொலிஷ்! பொலிஷுக்குப் போன சங்கிலி நானாவின் கடைத் தங்கமாகத்தான் திரும்பி வந்திருக்கும் என்று அவளுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது.

“இன்னொண்டும் சொன்னாரு. ‘என்ட தம்பி கைல மட்டும் இது போகாமப் பார்த்துக்கோங்க. அவன ஏமாத்த ஏலாது. வாப்பாட கண்ணு எனக்கு வரல்ல, அவனுக்குத்தான் வந்திச்சு.’ அதுக்குப் பிறகு அவரும் மௌத்து, கடையும் மூடியாச்சு. நான் யாருக்கிட்ட அனுப்ப?”

பெட்டியோடு திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

செப்டம்பர் 14

வாப்பாவின் கண். முப்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னாரா? இல்லை. கலேவெலையில், முன்பின் தெரியாத பெண்ணிடம், செருப்புத் தேடுகிற நேரத்தில் சொல்லியிருக்கிறார். ஏன் மனுசா? எனக்கிட்ட சொன்னா ஒங்கட வாய் தேஞ்சு போகுமா?

அதற்காகக் கடையை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

செப்டம்பர் 20, சனி

ஜஸ்லாவிடம் எல்லாம் சொன்னேன். ஷிஃபானுக்குத் தெரியாது என்பதை முதலில் சொன்னேன். அவளுக்கு வேண்டியிருந்தது அது. மீதியைக் கேட்டுவிட்டு நெடுநேரம் மோதிரத்தைச் சுற்றிக் கொண்டிருந்தாள். நூல் அழுக்காகியிருந்தது.

“மஹர் யாருக்கு சாச்சா? உம்மாக்கா, ஊருக்கா, எனக்கா?”

“ஒனக்கு.”

“அப்ப என்ன வேணுமெண்டு சொல்ல வேண்டியதும் நான்தானே? இது வேணும். இந்த மோதிரம். பதிவுல இத எழுதுங்க.”

“அது பதினெட்டுக் கெரட்.”

“பதினெட்டெண்டே எழுதுங்க. சங்கிலிய மாமி தார நகையாப் போட்டுக் கொள்றேன், அது மஹர் இல்ல.”

“ஊர் சிரிக்கும் புள்ள.”

“பஸ்லா சாச்சி ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிட்டா.”

மறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. மார்க்கத்தில் இடமிருக்கிறது, பதிவில் பொய் இல்லை, அவள் கேட்டதே அவளுக்குக் கிடைக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். ஹமீமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், நிக்காஹ்வுக்கு முன்னால். நான் சொல்ல மாட்டேன்.

“சொல்றேன் தம்பி.”

செப்டம்பர் 22

மதினி வந்தாள். மஹருக்கு மோதிரம் போதும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். தாய்க்குச் சந்தேகம்.

“தம்பி, அந்தச் சங்கிலில ஏதாச்சும்?”

“கொக்கி நல்ல தங்கம், மதினி.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மதினி கதிரையின் கையைப் பிடித்துக் கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“ஒங்கட நானாவும் இப்படித்தான் சொல்லுவார். கடைக்கு யாராச்சும் கவரிங் கொண்டு வந்தா, ‘கல்லு நல்ல கல்லு, கொக்கி நல்ல கொக்கி.’ அதக் கேட்டா மிச்சம் என்னெண்டு எனக்கு விளங்கும்.”

கைறுன்னிஸா தண்ணீர் கொண்டு வந்தாள். மதினி குடித்தாள், கொஞ்சம் அழுதாள், முகத்தைத் துடைத்தாள்.

“பொடியன் எப்படி?”

“டீ குடிச்சிட்டுக் கோப்பைய அவனே குசினிக்குக் கொண்டு வந்து வெச்சானாம்.”

“அத நானும் கண்டேன்,” என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

வங்கிக்கு வந்தான் ஷிஃபான். நேரே என்னிடம் வந்திருக்கலாம். நம்பர் எடுத்து, மற்றவர்களோடு உட்கார்ந்து, தன் முறை வந்ததும் வந்தான். கண் வீங்கியிருந்தது. தாய் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

“சாச்சா, கொக்கியக் கழட்டித் தர ஏலுமா? வாப்பாட சங்கிலில மிஞ்சினது அது ஒண்டுதான். உம்மாக்கிட்டக் குடுக்கோணும்.”

திட்டலாம் என்று வைத்திருந்தேன். இவ்வளவு காலமும் தாயின் கழுத்தைப் பார்த்தும் தெரியாமல் இருந்தாயா என்று கேட்க நினைத்தேன். அதை அவனே தன்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் கண் வீங்கியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கூட்டிக் கொண்டு போய், வளையத்தை வெட்டிக் கொக்கியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வெறும் கொக்கி வாங்கிச் சங்கிலியில் பொருத்தினேன்.

அவன் புதுக் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல மார்க் ஒண்டும் இல்லயே?”

“இல்ல. இப்பதான் சங்கிலி உண்மையச் சொல்லுது.”

சோறு போட்டாள் கைறுன்னிஸா. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக் கொண்டு குசினிக்குப் போனான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மீன் முள் எடுத்துக் கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பதிவாளர் கேட்டார், “மஹர் என்ன?”

“ஒரு மோதிரம். பதினெட்டுக் கெரட். 750 முத்திரை.” நிக்காஹ்வுக்கு முன்பே மணமகள் கையில் கிடைத்துவிட்டதாகவும் சொன்னேன். அவர் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார், எழுதினார். ஷிஃபானின் கையைப் பிடித்து, ஜமால்தீனின் மகள் ஜஸ்லாவை இந்த மஹருக்கு உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்றேன். ஒப்புக் கொண்டேன் என்றான். அவன் கை என் கையை விட ஈரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எழுதியது அத்தனையும் உண்மை.

சாப்பாட்டுக்கு முன் பெண்கள் பக்கம் போனேன். பஸ்லா ஜஸ்லாவின் சங்கிலியைப் பின்னாலிருந்து பிடித்துக் கொக்கியைத் தேடிக் கொண்டிருந்தாள். “என்னடி, ஒண்டும் அடிச்சில்லயே? அண்டைக்கு 916 ஈந்திச்சே?”

“இது கவரிங், சாச்சி. மாமி போட்டுட்டு ஈந்தது. எனக்குப் புடிச்சிருக்கு.”

ஹமீமா பக்கத்தில்தான் நின்றாள். முந்தானை விரலில் இறுகியது. கழுத்தில் ஒரு கறுப்பு நூல். அதில் அந்தக் கொக்கி மட்டும் தொங்கியது.

பஸ்லா என் பக்கம் திரும்பினாள். “நல்லா ஈக்கி! ஜமால்தீன் மச்சான் ஈந்திருந்தா இப்படி ஒரு மோதிரத்துக்குப் புள்ளயக் குடுத்திருப்பாரா? பட்டம் வாங்கி என்ன, மனிசனுக்கு நாலு வார்த்த பேசி வாங்கத் தெரியோணும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. உன் ஜமால்தீன் மச்சான்தான் முதலில் கண்டார், அவர்தான் வாயை மூடிக் கொண்டார். ஒரே ஒரு வசனம். என் ஆயுசிலேயே இவ்வளவு சரியான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

“சாப்பாடு வெச்சிட்டாங்க,” என்றேன்.

என்னை நடுச் சஹனில் மாப்பிள்ளையோடு உட்கார வைத்தார்கள். கலேவெலக்காரர் ஒருவர் கோழியின் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். தள்ளினதை எடுத்துச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 15, புதன்

இன்று நல்ல கூட்டம். டவுனில் ஆடை விற்கிற ஒரு பெண் கனமான மாலை ஒன்றைக் கொண்டு வந்தார். 22K என்று பெரிதாக, அதன் பக்கத்தில் தேய்ந்து போய்ச் சின்னதாக GP. முலாம். அவருக்குத் தெரியாது. பின்னால் ஏழெட்டுப் பேர்.

கண்ணாடிக்குக் கிட்ட வரச் சொன்னேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. என்னையே முறைத்துப் பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி:

“நீங்கதானே ஜமால்தீன்ட தம்பி? வெறும் மோதிரத்துக்குப் புள்ளயக் குடுத்தவர்?”

மாலையைத் தாளில் சுற்றி அவர் பக்கம் மெல்லத் தள்ளினேன்.

“ஓ,” என்றேன். “நான்தான்.”